மணி அடிச்ச பிறகும் டெனேரிஸ் ஏன் எரிச்சாள்? (கடைசிச் சீசன் பாக்காதவை உள்ள வராதேங்கோ)

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறைக்குத் தங்கச்சி வந்து நிக்கிறாள். அவள் கேம் ஒஃப் துரோன்ஸ் எண்ட ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைப் பாத்ததே இல்லை. நான் 2019 இலயே பாத்து முடிச்சு, கோவத்தில இனி அந்தப் பக்கமே போறதில்லை எண்டு இருந்தனான். அவளுக்காகத் திரும்ப முதல்ல இருந்து தொடங்கினம். 73 பாகம். நேற்று இரவு எட்டாம் சீசனின்ட ஐஞ்சாம் பாகம் வந்தது.

சரணடையிறம் எண்டு கிங்ஸ் லாண்டிங் நகரத்து மணி அடிக்குது. அங்க ஆளுற ராணி சேர்சியின்ட படை வாளைக் கீழ போட்டிட்டுது. அந்தச் சிம்மாசனத்துக்காகப் படையோட வந்த டெனேரிஸ் மதிலுக்கு மேல தன்ர டிராகன் ட்ரோகனில இருக்கிறாள். அந்த முகத்தைக் கிட்டக் காட்டீனம்: மூச்சு வாங்குது, கண் கலங்குது, வாய் கோணுது. பேந்து பறக்கிறாள், தெருவில நிக்கிற சனத்துக்கு மேல நெருப்பு. தங்கச்சி எழும்பி இருந்து கேட்டாள்: "அக்கா, இவள்தானே அந்தப் பிள்ளையின்ட எலும்பைப் பாத்து அழுதவள்?"

நாலாம் சீசனின்ட கடைசிப் பாகத்தைச் சொல்லுறாள். ஒரு ஏழைத் தகப்பன் துணிப் பொட்டலத்தோட அவளுக்கு முன்னால வந்து நிண்டு, அவிழ்த்துக் காட்டுவான். கருகின சின்ன எலும்புகள். ட்ரோகன் எரிச்ச அவன்ட மகள். பேர் சல்லா, மூண்டு வயது. டெனேரிஸ் ஒண்டும் கதைக்காமல் போய், தான் பெத்த பிள்ளையள் எண்டு சொல்லுற மற்ற ரெண்டு டிராகனையும் நிலவறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலி போடுவாள். அதுகள் பின்னால நிண்டு கத்தக் கத்த அழுதுகொண்டு கல்லை மூடுவிப்பாள்.

ஒரு பிள்ளைக்காகத் தன்ர பிள்ளையளைக் கட்டிப்போட்டவள், நாலு சீசனுக்குப் பிறகு எண்ணுக்கணக்கில்லாத பிள்ளையளை எரிக்கிறாள். மனுசர் அப்பிடி மாறமாட்டினம் எண்டு நான் சொல்லேல்லை. மாறுவினம். ஆனா அந்த மாற்றத்தை எனக்குக் காட்டுங்கோ. எட்டு வருசமா அவளோட நடந்து வந்தனான், கடைசி நாலு மைலை மட்டும் ஏன் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனீங்கள்?

உங்கட அபிப்பிராயம் சொல்லுங்கோ. இதைப் பற்றி வடிவாக் கதைக்க இஞ்ச எனக்கு ஆக்கள் இல்லை.

---

முறிகண்டிக்கச்சான் (கிளிநொச்சி)

தங்கச்சி, நான் எதிர்ப்பக்கம். அவள் திடீரெண்டு மாறேல்லை. நாங்கள்தான் அவளில இருந்த அன்பில கண்ணை மூடிக்கொண்டிருந்தனாங்கள்.

முதலாம் சீசன். சொந்தத் தமையன்ட தலையில உருக்கின பொன்னை ஊத்துறாங்கள், அவள் முகத்தைத் திருப்பாமல் பாத்துக்கொண்டு நிக்கிறாள். அவன் கெட்டவன்தான், சரி. அந்தச் சீசன் முடிய மந்திரக்காரி மிரி மாஸ் டூரை உயிரோட எரிக்கிறாள். ரெண்டாம் சீசனில கார்த் நகரத்து வாசலில நிண்டு, என்ர டிராகனுகள் வளரட்டும், நகரங்களைக் கொளுத்துவன் எண்டு வாயாலயே சொல்லுறாள். மீரீன் நகரத்தில 163 அடிமைப் பிள்ளையளைச் சிலுவையில அறைஞ்சதுக்குப் பதிலா 163 எசமான்மாரை அறைவிக்கிறாள். பேந்து ஒருத்தன் வந்து, "என்ர அப்பா அந்தப் பிள்ளையளைக் கொல்லக் கூடாது எண்டு வாதாடினவர், அவரையும் அறைஞ்சிட்டீங்கள்" எண்டு சொல்லுறான். அந்த இடத்தில நாங்கள் ஆரின்ட பக்கம் நிண்டனாங்கள்? ஆறாம் சீசனில நகரங்களை மண்ணோட மண்ணாக்குவன் எண்ணேக்க, உங்கட அப்பாவும் இப்பிடித்தான் எண்டு அவளின்ட ஆலோசகன் டிரியன் முகத்துக்கு நேர சொல்லுறான். ஏழாம் சீசனில டார்லி தகப்பனையும் மகனையும் மண்டியிடேல்லை எண்டதுக்காக எரிச்சாள்.

எரிபட்டவை கெட்டவையா இருந்த வரைக்கும் நாங்கள் கைதட்டினம். கடைசிப் பாகத்தில டிரியன் அவளின்ட காதலன் ஜோனுக்குச் சொல்லுறதும் அதுதானே.

---

வவுனிக்குளத்தான்

கச்சான் அண்ணை சொல்லுறது எல்லாம் படத்தில இருக்கு. ஆனா அந்தப் பட்டியலில இருக்கிற எல்லாரும் அவளுக்கு ஏதோ செய்தவை, அல்லது செய்தவை எண்டு அவள் நம்பினவை. கிங்ஸ் லாண்டிங் தெருவில நிண்ட பெண்டுகள் அவளுக்கு என்ன செய்தவை? அதுதான் கேள்வி.

---

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

அதுதான். கச்சான் அண்ணை, விதை போட்டிருந்தவை எண்டதை நான் மறுக்கேல்லை. ஆனா விதை போட்ட அடுத்த நாள் அரிவு வெட்டுறதில்லையே. நடுவில தண்ணி கட்ட வேணும், களை எடுக்க வேணும், கதிர் வர வேணும்.

கணக்கைப் பாருங்கோ. முதல் ஆறு சீசனும் பத்துப் பத்துப் பாகம். ஏழாவதில 7. எட்டாவதில 6. கதை கனக்கிற நேரத்தில பாகத்தைக் குறைச்சவை. தொடரை ஒளிபரப்பின எச்.பி.ஓ இன்னும் கனபாகம் எடுக்கத் தயாரா இருந்தது. எழுதினவை ரெண்டு பேரும், பெனியோஃபும் வைசும்தான், இது காணும் எண்டவை.

அந்த ஆறுக்குள்ள அவளுக்கு என்ன நடக்குது? மூண்டாம் பாகத்தில அவளின்ட விசுவாசமான வீரன் ஜோரா சாகிறான். நாலாவதில அவளின்ட இன்னொரு டிராகன் ரேகல் சாகுது. அதே பாகத்தின்ட முடிவில மிசாண்டேயின்ட தலையை வெட்டுறாங்கள். ஜோனின்ட பிறப்பு இரகசியம், அவளை விட அவனுக்குத்தான் அரசுரிமை கூட எண்டது, வெளியில வருது, ஆலோசகன் வேரிஸ் துரோகம் செய்யுறான். இதில ஒவ்வொண்டும் ஒரு முழுப் பாகத்துக்குரிய துக்கம். மிசாண்டே செத்த பிறகு அவள் சாப்பிடாமல் அறைக்குள்ளயே இருக்கிறாள் எண்டு ஆரோ கதைக்கிறதைத்தான் கேக்கிறம். அவள் அழுத இரவை நாங்கள் பாக்கேல்லை. அஸ்டபோரில அடிமையா நிண்டு மொழிபெயர்த்த காலத்தில இருந்து கூட இருந்த பிள்ளை மிசாண்டே. அவளுக்கு ஒரு ஒப்பாரி இல்லை.

ரேகல் சாகிற இடத்தைப் பற்றி பெனியோஃப் பேட்டியில சொன்னது, டெனேரிஸ் அதைக் கொன்ற எதிரிக் கப்பல் படையை மறந்திட்டாள் எண்ட மாதிரி. அதே பாகத்தில கொஞ்சம் முன்னமேதான் அந்தப் படையைப் பற்றிக் கதைச்சவை! ஒரு ராணி ஒரு படையை மறக்கிறாள் எண்டு எழுதினால், அவளின்ட மனசையும் அப்பிடித்தானே எழுதுவினம்.

---

நந்திக்கடல் (முள்ளியவளை)

பிள்ளையள், நான் வயசு போன ஆள். இந்தத் தொடரை மகன் போட்டுக் காட்டினவன், மொழி முழுக்க விளங்காட்டிலும் கதை விளங்கினது. நீங்கள் கதைக்கிறதைப் பாக்க எனக்கு வேற ஒண்டு ஞாபகம் வருது.

நான் இளந்தாரியா இருக்கேக்க கோவலன் கூத்து ஆடினனான். எங்கட ஊரில கண்ணகியை ரெண்டு பேர் ஆடுவினம். முன்னிரவில வாறது ஒராள், சிலம்பைக் கொண்டு அரசனிட்டப் போறது இன்னொராள். முதல் கண்ணகி மெல்லிசான தம்பி, குரல் குழைவு. ரெண்டாவது ஆள் நெடுவல், காலைத் தூக்கி வைச்சால் களரி, கூத்தாடுற மேடை, அதிரும். முகம் வேற, உயரம் வேற, குரல் வேற. ஒரு சனமும் "இது ஆர் புதுசா?" எண்டு கேட்டதில்லை. விடியப்புறம் பாயில இருந்த கிழவியள் எழும்பி நிண்டு கும்பிடுவினம். ஏனெண்டால் நடுவில ஒரு முழு இரவு இருக்கு. அந்த இரவு முழுக்கச் சனம் கண்ணகியோட நடந்து வந்திட்டுது.

உங்கட தொடரில ஒரே நடிகை. அதே முகம், அதே தலைமயிர். ஆனா மணி அடிச்ச பிறகு வந்தவள் வேற ஆள் மாதிரி இருந்தது. அந்த இரவை அவை சனத்துக்குக் குடுக்கேல்லை.

---

முறிகண்டிக்கச்சான் (கிளிநொச்சி)

ஐயா, உங்களை மதிச்சுத்தான் கேக்கிறன். கண்ணகியும் ஒரே நாளில மாறினவதானே? புகாரில கோவலன் மாதவியிட்டப் போனபோது ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாத மனுசி. திரும்பி வந்தவனுக்குச் சிலம்பு இருக்கு எண்டு எடுத்துக் குடுத்தவ. மதுரையில ஒரு பகல் பொழுதுக்குள்ள நகரத்தையே கொளுத்தினவ. அதுக்கு முன்னம் அவ கோபப்பட்டதா ஒரு அடையாளமும் இல்லை. டெனேரிசுக்கு எத்தினை அடையாளம் இருக்கு!

இன்னொண்டு. கண்ணகி எரிக்கேக்க பாண்டியன் ஏற்கெனவே செத்திட்டான். சிலம்பு உடைஞ்சு மணி தெறிச்ச உடனயே தான் கள்வன் எண்டு ஒத்துக்கொண்டு விழுந்து செத்தான், தேவியும் போனா. அதாவது மதுரையிலயும் மணி அடிச்சிட்டுது. சரணடைஞ்ச பிறகுதான் அங்கயும் நெருப்பு. அவவை நாங்கள் தெய்வம் எண்டு கும்பிடுறம், இவளை மட்டும் ஏன் நம்பேல்லை எண்ணுறம்?

---

வவுனிக்குளத்தான்

இது நல்ல கேள்வி. நந்திக்கடல் ஐயாவின்ட பதிலுக்குக் காத்திருக்கிறன்.

---

நந்திக்கடல் (முள்ளியவளை)

தம்பி, நீர் கேட்டதை இரவு முழுக்க யோசிச்சனான். சிலப்பதிகாரப் புத்தகத்தை எடுத்துத் திரும்பவும் பாத்தனான்.

கோவலன் வெட்டுப்படுறது கொலைக்களக் காதையில. நெருப்பு வைக்கிறது வஞ்சின மாலையில. ரெண்டுக்கும் நடுவில நாலு பகுதி கிடக்கு: ஆய்ச்சியர் குரவை, துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை. நாளைக் கணக்கில எடுத்தால் நீர் சொன்ன மாதிரி கொஞ்ச நேரம்தான். ஆனா இளங்கோ அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்கிறார் எண்டு பாரும். குரவையில பால் உறையேல்லை, வெண்ணெய் உருகேல்லை எண்டு இடைச்சேரியே பதறுது. செய்தி வந்த உடன விழுந்து அழுகிறா, சூரியனைக் கேக்கிறா. பேந்து ஒற்றைச் சிலம்போட தெருத்தெருவா நடக்கிறா.

அந்த நடைதான் முக்கியம். ஊர்சூழ் வரியில அவ மதுரைச் சனத்தைப் பாத்துக் கேக்கிறா: இந்த ஊரில பெண்கள் இருக்கினமோ? சான்றோர் இருக்கினமோ? தெய்வம் இருக்கோ? ஊர் கேட்டுக்கொண்டு நிக்குது, அழுது, அரசனைக் குறை சொல்லுது. ஆனா ஒருத்தரும் அவவோட அரண்மனை வாசலுக்கு வரேல்லை. அது சரியோ பிழையோ, அவவுக்கும் அந்த ஊருக்கும் ஒரு வழக்கு உண்டாகுது. டெனேரிஸ் கிங்ஸ் லாண்டிங் சனத்திட்ட ஒரு கேள்வி கேட்டவளோ? அந்தத் தெருவில ஒரு நாள் கால் வைச்சு நடந்தவளோ? மேலால வந்தாள், மேலாலயே எரிச்சாள்.

ரெண்டாவது, கண்ணகி நெருப்புக்குக் கட்டளை போடுறா. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தையள், இவையைத் தொடாதே, தீயவை பக்கம் மட்டும் போ எண்டு. அவ்வளவு கோபத்திலயும் குழந்தையை எண்ணினவ. அந்தப் பாலைப்பழம் பிள்ளை சொன்ன எலும்புப் பொட்டலக் காட்சியில டெனேரிசும் அப்பிடி எண்ணினவள்தான். அந்த எண்ணம் எங்க, எப்ப கழண்டு விழுந்தது? அதைக் காட்டியிருந்தால் நான் ஏற்றுக்கொள்ளுவன், நடுங்கி ஏற்றுக்கொள்ளுவன்.

இன்னும் ஒண்டு சொல்லிப்போட்டு விடுறன். எங்கட வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். மதுரையை எரிச்சுப்போட்டு அவ இந்தப் பக்கம் வந்து, பத்தாவதாத் தங்கின இடம், அதால பத்தாப்பளை எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். மாடு மேய்ச்ச பொடியளிட்டக் கிழவி வேசத்தில வந்து பசிக்குது எண்டா. பொடியள் புக்கை காய்ச்சினாங்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ எண்டா, எரிஞ்சது. தலையில பேன் பாத்த பொடியன் மயிரை விலக்கினால் ஆயிரம் கண். இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணியிலதான் விளக்கு எரியுது. நகரத்தை எரிச்ச நெருப்பை எங்கட சனம் தண்ணியில எரியிற விளக்கா வைச்சிருக்குது. அந்தப் பொடியள் அவவுக்குப் பயந்து ஓடேல்லை, சோறு போட்டவங்கள்.

டெனேரிசுக்கு எரிச்ச பிறகு ஒரு பாகம்கூட முழுசா இல்லை. அடுத்ததில ஜோன் குத்திப்போட்டான்.

---

முறிகண்டிக்கச்சான் (கிளிநொச்சி)

அந்த ஊர்சூழ் வரி விசயத்தில நீங்கள் என்னைப் பிடிச்சிட்டீங்கள் ஐயா. அவளுக்கும் அந்தச் சனத்துக்கும் நடுவில ஒண்டுமே இல்லை எண்டது உண்மை. "சரி, அப்ப பயமாவே இருக்கட்டும்" எண்டு ஜோனிட்டச் சொல்லுறதும், இரக்கம் எண்டது இனி வரப்போற தலைமுறைக்குத்தான் எண்டு டிரியனிட்டச் சொல்லுறதும் மட்டும்தான் இருக்கு. ரெண்டு வசனம். யுன்காய் நகர வாசலில அடிமையா இருந்த சனம் அவளைத் தூக்கி "மீசா", அம்மா எண்டு கூப்பிட்டது. கிங்ஸ் லாண்டிங் இருக்கிற வெஸ்டரோசில ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடேல்லை. வின்டர்பெல்லில விருந்து நடக்கேக்க எல்லாரும் ஜோனைச் சுத்தி நிக்க அவள் தனிய இருந்து பாக்கிறாள். அந்த ஒரு காட்சியை எடுத்து நாலு பாகத்துக்கு விரிச்சிருக்கலாம்.

ஆனாலும் முடிவு அதுதான் எண்டதில நான் மாறேல்லை.

---

செம்மண் (மாங்குளம்)

நடிகையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எமிலியா கிளார்க் முதல் சீசன் எடுத்து முடிய, 2011 இல, மூளையில இரத்தக்கசிவு வந்து பிழைச்சவ. 2013 இல திரும்ப மண்டையைத் திறந்து சத்திரசிகிச்சை. அதோடதான் இவ்வளவும் நடிச்சவ. கடைசிச் சீசன்ட எழுத்தை வாசிச்சுப்போட்டு அழுது, வீட்டை விட்டு வெளிக்கிட்டு, கால் கொப்பளிக்கிற வரைக்கும் நடந்தனான் எண்டு பேட்டியில சொன்னவ. அந்த மதில் காட்சியில ஒரு வசனமும் இல்லாமல் முகத்தை மட்டும் வைச்சு அவ செய்ததுக்கு மேல எந்த நடிகையாலும் செய்ய ஏலாது. எழுத்தில இல்லாததை முகம் எவ்வளவு தூக்கும்?

தொடருக்கு மூலமான மார்ட்டினின்ட புத்தகத்தில இது வேற மாதிரி வரும் எண்டு நம்புறன். முதல் புத்தகம் 1996, ஐஞ்சாவது 2011. ஆறாவது இன்னும் வரேல்லை. தொடர் அவரைத் தாண்டி ஓடினதிலதான் இவ்வளவும்.

---

கடற்காற்று (புதுக்குடியிருப்பு)

நான் எழுதலாமோ விடலாமோ எண்டு ரெண்டு நாளா இருந்தனான்.

இந்தப் பாகம் இஞ்ச வந்தது 2019 மே 13, திங்கட்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு நாடே பயத்தில இருந்த நேரம். அண்டைக்கு இரவு நாடு முழுக்க ஊரடங்கு, வட்ஸ்அப்பும் இல்லை. ஐஞ்சு நாளில, 18 ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் பத்தாம் ஆண்டு. நான் போர்வைக்குள்ள போனில பாத்தனான். எனக்கு அப்ப பத்தொன்பது வயது. 2009 இல ஒன்பது.

நீங்கள் எல்லாரும் மேல இருந்தவளைப் பற்றிக் கதைக்கிறீங்கள். அவள் எரிக்கத் தொடங்கின பிறகு கமெரா அவளின்ட முகத்துக்குத் திரும்பவே இல்லை, கவனிச்சனீங்களோ? கீழயே நிக்குது. ஒரு தாய் மகளை இழுத்துக்கொண்டு ஓடுறா. பிள்ளையின்ட கையில ஒரு மரக்குதிரை. ஜோனோட வளர்ந்த ஆர்யா அவையைக் காப்பாத்தப் பாக்கிறாள், ஏலாது. சாம்பல் விழுது. இது பிழையான காட்சி எண்டு நான் சொல்லமாட்டன். கிபிர் குண்டுவீச்சு விமானம் வரேக்க ஓட்டினவன்ட முகம் எங்களுக்குத் தெரியாது. அவன் என்ன நினைச்சவன், ஏன் மாறினவன் எண்டு பங்கருக்குள்ள இருந்த ஆரும் கேக்கேல்லை. சத்தம், பேந்து மண். அதை எடுத்த இயக்குநர், மிகெல் சபோச்னிக், கீழ நிண்டு எடுத்தவர். அந்த ஒண்டுக்காக நான் அந்தப் பாகத்தை மதிக்கிறன்.

எனக்குத் தாங்கேலாமல் போனது அடுத்த பாகம். டிரியன் எரிஞ்ச தெருவால நடந்து வாறான், அது சரி. அதுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில ஆர் அரசன் எண்ட கதை. ஆர்யாவின்ட தம்பி பிரானைத் தெரிவு செய்யினம். பேந்து ஒரு மேசையைச் சுத்தி இருந்து கப்பலுக்கு எவ்வளவு, விபசார விடுதிக்கு எவ்வளவு எண்டு பகிடி விடினம். அந்த நகரத்துச் சனத்தில ஒராள்கூட எழும்பி ஒரு சொல் சொல்லேல்லை. ஆர் செத்தவை, எத்தினை பேர், எங்க தாட்டவை, ஒண்டும் இல்லை. அந்த மரக்குதிரையை ஆரோ எடுத்து வைச்சதாக்கூட இல்லை.

டெனேரிசை அவசரமா மாத்தினவை எண்டு எல்லாரும் சொல்லீனம். இணையத்தில பத்து இலட்சத்துக்கு மேல சனம் திரும்ப எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சது. அந்தச் செத்த சனத்தையும் அவசரமா மறந்தவை எண்டு நான் ஒரு இடத்திலயும் வாசிக்கேல்லை. அதால எழுதினன்.

---

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

கடற்காற்று, எழுதினதுக்கு நன்றி. நான் அந்தப் பிள்ளையைக் கவனிச்சனான், மரக்குதிரையையும் கண்டனான். ஆனா என்ர கோவம் முழுக்க டெனேரிசுக்காகவே இருந்தது. அந்த எலும்புப் பொட்டலத்துக்குப் பேர் இருந்தது, வயது இருந்தது, தகப்பன் இருந்தான். நாலாம் சீசன் எழுதேக்க அவைக்கு ஒரு செத்த பிள்ளையின்ட பேரைச் சொல்ல நேரம் இருந்திருக்கு.

---

முறிகண்டிக்கச்சான் (கிளிநொச்சி)

கடற்காற்று தம்பியோ தங்கச்சியோ தெரியேல்லை. நீங்கள் எழுதினதை வீட்டில மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினனான். கனநேரம் கதைக்காமல் இருந்தனாங்கள்.

---

நந்திக்கடல் (முள்ளியவளை)

பிள்ளை, கூத்தில கண்ணகி எரிச்சு முடிய, கூத்தைப் பழக்கின அண்ணாவியார் உடன மங்களம் பாடமாட்டார். மத்தளம் நிண்டிடும். களரியில ஒருத்தரும் இராயினம். அந்த வெறுங்களரியைச் சனம் பாத்துக்கொண்டு இருக்க வேணும். எனக்கு அண்ணாவியார் ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது.

---

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

ஐயா, வாற வைகாசிக்கு வற்றாப்பளைக்கு வருவம், தங்கச்சியும் வாறாளாம். அந்தப் பக்கம் கூத்துப் போட்டால் இதில ஒருக்காப் போட்டுவிடுங்கோ.

அவளுக்குக் கடைசிப் பாகம் இன்னும் பாக்க இருக்கு. வேண்டாமாம். நாலாம் சீசன்ட முடிவைத் திரும்பப் போட்டிட்டு இருக்கிறாள். தகப்பன் பொட்டலத்தை அவிழ்க்கிற இடம் வந்திட்டுது, கூப்பிடுறாள், நான் போறன்.